மங்கில் உறைந்த பால், துளையில் உறைந்த மை



கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, திருமண வரவேற்பு, நினைவஞ்சலி என்று எதற்கும் ஒரு பெரிய படமோ பதாகையோ வேண்டியிருக்கிறது. அவற்றை அச்சிடும் கடைக்குள் நீங்களும் நுழைந்திருப்பீர்கள். நீண்ட இயந்திரம் ஒன்று அங்கே நிற்கும். வெள்ளைத் தாள்சுருள் அதன் முதுகில் ஏறி, முன்பக்கம் வண்ணப்படமாக இறங்கும்.

ஜாசின் பட்டணத்தில் அப்படியொரு கடை இருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாட்டின் பல கடைகளைப் போல் அதுவும் மூடப்பட்டது. திருவிழா இல்லை, விருந்து இல்லை, பள்ளியும் இல்லை. பதாகைக்கு ஏது வேலை? பிறகு கடை திறந்தாலும் சின்னச் சின்ன வேலைகளே வந்தன. 44 அங்குல அகலம் கொண்ட பெரிய இங்க்ஜெட் அச்சுப்பொறி ஒரு பழைய போர்வைக்கு அடியில் மூலையிலேயே நின்றுவிட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்.

என் மாணவர்களின் அறிவியல் கண்காட்சிக்குப் பெரிய விளக்கப்படங்கள் வேண்டும் என்று நான் அங்கே போனேன். கடைக்கார அண்ணன் போர்வையை விலக்கிக் காட்டினார்.

"டீச்சர், இதை நேத்துதான் திறந்து பார்த்தேன். கறுப்பு வரவே இல்லை. பழுது பார்க்கிறவரைக் கேட்டா, தலையை மாத்தணும்னு சொல்றாரு. அந்தக் காசுக்கு வேற மிஷினே வாங்கிடலாம். பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்."

சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய இயந்திரம். அவர் குரல் எனக்கு என்னவோ போல் இருந்தது. "அண்ணே, ஒரு வாரம் கொடுங்க. பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்றதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இதில் பெரும்பகுதி உங்கள் அறிவியல் பாடநூலிலேயே இருக்கிறது.

முடியைவிட மெல்லிய துளை

முதலில் இந்த இயந்திரம் எப்படி எழுதுகிறது என்று பார்ப்போம். தாளின் குறுக்கே வலமும் இடமும் ஓடும் பகுதிக்கு அச்சுத்தலை என்று பெயர். அதன் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். அண்ணனின் இயந்திரத்தில் எட்டு நிற மைகள், ஒவ்வொரு நிறத்துக்கும் 180 துளைகள். மொத்தம் 1,440. ஒரு நிறத்தின் 180 துளைகளும் 1 அங்குல நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 25.4 மில்லிமீட்டரை 180ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 0.14 மில்லிமீட்டர்தான்.

இத்தகைய துளைகளின் விட்டம் ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். அதாவது, முடியின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஓட்டை வழியாகத்தான் மை வெளியே வர வேண்டும். வரும் துளியின் கொள்ளளவு சில பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை ஒரு இலட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிக்கோலிட்டர்.

இந்தத் துளியை வெளியே தள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெப்பம். துளைக்குப் பின்னால் உள்ள நுண்ணிய சூடேற்றி ஒரு கணத்தில் மையைக் கொதிக்க வைக்கிறது. எழும் ஆவிக்குமிழி துளியைத் தள்ளுகிறது. 1977இல் ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டு, ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. அதைக் கவனித்த பொறியாளர் இச்சிரோ எண்டோ அதிலிருந்து இந்த முறையை உருவாக்கினார்.

இன்னொரு வழி அழுத்தமின் படிகம். பீசோ என்றும் சொல்வார்கள். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று 1880இல் கியூரி சகோதரர்களான பியேரும் ஜாக்கும் கண்டுபிடித்தார்கள். அதன் மறுபக்கமும் உண்மை. மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் சற்றே வளையும். அந்த வளைவு மை அறையைச் சுருக்கி ஒரு துளியை வெளியே தள்ளும். ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான முறை இது நடக்கும். அண்ணனின் இயந்திரம் இந்த வகை.

மை தெளித்து எழுதும் கருவிக்கான தொடக்கக்காலக் காப்புரிமைகளில் ஒன்றை 1951இல் பெற்றவர் சுவீடனைச் சேர்ந்த ரூனே எல்ம்க்விஸ்ட். இதயத் துடிப்பைத் தாளில் வரையவே அது பயன்பட்டது. 1958இல் உலகிலேயே முதன்முதலாக மனித உடலுக்குள் பொருத்தப்பட்ட இதய முடுக்கியை வடிவமைத்தவரும் அவரே.

ஈரமான ஊரில் மை ஏன் காய்ந்தது?

நம் மலாக்காவின் காற்று எப்போதும் ஈரமாகத்தானே இருக்கிறது? துணியே லேசில் காய்வதில்லை. பிறகு மை எப்படிக் காய்ந்தது?

காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அது இன்னும் நீராவியால் நிறையவில்லை என்று பொருள். எனவே நீர் மெதுவாகவாவது ஆவியாகிக்கொண்டே இருக்கும். துளையில் இருக்கும் மையின் அளவோ மிக மிகச் சிறியது. பரப்போடு ஒப்பிட்டால் கொள்ளளவு இல்லை என்றே சொல்லலாம். குளம் வற்ற மாதங்கள் ஆகும். விரலில் ஒட்டிய துளி வற்ற சில நிமிடங்கள் போதும்.

இதனால்தான் வேலை இல்லாத நேரத்தில் அச்சுத்தலை ஓரத்தில் உள்ள ஒரு மூடியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த மூடியின் விளிம்பு ரப்பரால் ஆனது. உள்ளே ஈரமான பஞ்சு இருக்கும். மூடிக்குள் உள்ள காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால் மை காயாது. மையிலும் கிளிசரால் போன்ற ஈரம் காக்கும் பொருள்கள் கலந்திருக்கும். ஆனால் மூன்று ஆண்டுகள் எந்தப் பஞ்சும் ஈரமாக இருக்காது. விளிம்பில் தூசு படிந்தால் இடைவெளி உண்டாகும். மூடி காய்ந்தது, அதன் பிறகு துளைகளும் காய்ந்தன.

தோட்டத்துப் பாட்டிக்குத் தெரிந்த வேதியியல்

காய்ந்த மையை நனைத்தால் கரைந்துவிடாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சிக்கல். அதைப் புரிந்துகொள்ள நாம் ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது நம் மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். அதன் பிறகு வந்த தோட்டங்களில்தான் நம் பாட்டன், பாட்டிமார் பால் வெட்டினார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் மங்கில் நீர் போல் இருக்கும் பால், எடுக்காமல் விட்டால் கட்டிப்பால் ஆகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மீண்டும் பாலாகாது.

ரப்பர் பால் ஒரு கூழ்மம். நீரில் மிக நுண்ணிய ரப்பர் துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் ஒரு புரதப் படலம் சூழ்ந்திருக்கிறது. அதன் மேல் எதிர்மின் ஏற்றம். ஒரே ஏற்றம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும். அதனால் துகள்கள் ஒட்டிக்கொள்வதில்லை. பாக்டீரியாக்கள் பாலில் பெருகும்போது அமிலம் உண்டாகிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் எதிர்மின் ஏற்றத்தை நடுநிலையாக்குகின்றன. விலக்கும் விசை போய்விட்டால் துகள்கள் மோதி, படலம் கிழிந்து, ரப்பர் மூலக்கூறுகள் பின்னிக்கொள்கின்றன. இதை விரைவாகச் செய்யத்தான் ஃபார்மிக் அமிலம் சேர்க்கிறார்கள். பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள். அது காரம், அமிலத்தை நடுநிலையாக்கிவிடும். படிவம் ஐந்து வேதியியலில் இதை நீங்கள் படிப்பீர்கள்.

இப்போது அச்சு மைக்கு வருவோம். மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாய மை. சர்க்கரை நீரில் கரைவதுபோல் சாயம் முழுமையாகக் கரைந்திருக்கும். காய்ந்தாலும் நீர் பட்டால் பெரும்பாலும் மறுபடியும் கரையும். இன்னொன்று நிறமி மை. அதில் 100 நானோமீட்டர் அளவிலான திண்மத் துகள்கள் நீரில் மிதக்கின்றன. வெயிலில் எளிதில் மங்காது என்பதால் பெரிய படங்களுக்கு இதையே விரும்புகிறார்கள். இது ரப்பர் பால் போலவே ஒரு கூழ்மம். இதிலும் பொதுவாக எதிர்மின் ஏற்றம்தான் துகள்களைப் பிரித்து வைக்கிறது. நீர் ஆவியாக ஆக, துகள்கள் நெருங்குகின்றன. மையிலுள்ள உப்புகளின் செறிவு கூடி, விலக்கும் விசை குறைகிறது. துகள்கள் கைகோத்துக்கொள்கின்றன. அண்ணனின் இயந்திரத்தில் இருந்தது நிறமி மை.

இதை நான் விளக்கியபோது அண்ணன் சிரித்தார். "எங்கம்மா பால் வெட்டும்போது நானும் மங்கு கழுவப் போவேன் டீச்சர். கட்டியாப் போச்சுன்னா பிய்ச்சுத்தான் எடுக்கணும். 20 மைக்ரோமீட்டர் ஓட்டைக்குள்ள எப்படிப் பிய்க்கிறது?"

நல்ல கேள்வி. பிய்க்க முடியாது. கரைக்கத்தான் வேண்டும்.

நாங்கள் செய்த இரண்டு தவறுகள்

முதல் தவறு அண்ணனுடையது. கறுப்பு வரவில்லை என்றதும் இயந்திரத்தின் சுத்தம் செய்யும் கட்டளையை ஐந்து முறை தொடர்ந்து கொடுத்துவிட்டார். அந்தக் கட்டளை என்ன செய்கிறது? மூடிக்குக் கீழே உள்ள பம்பு காற்றை உறிஞ்சி, துளைகள் வழியாக மையை இழுக்கிறது. துளையே அடைத்திருந்தால் எதை இழுப்பது? திறந்திருந்த நிறங்களிலிருந்து விலையுயர்ந்த மைதான் கழிவுத் தொட்டிக்குப் போனது. காய்ந்த மூடியிலிருந்த மைக்கட்டிகள் வேறு துளைகளில் ஒட்டின.

இரண்டாவது தவறு என்னுடையது. "கொதிநீர் விட்டால் கரைந்துவிடும்" என்று நான்தான் சொன்னேன். நல்லவேளை, செய்வதற்கு முன் யோசித்தோம். அச்சுத்தலையின் அடுக்குகள் பசையால் ஒட்டப்பட்டவை. கொதிநீர் பசையை இளக்கிவிடலாம். குழாய்நீரும் கூடாது. அதில் கால்சியம் போன்ற அயனிகள் இருக்கும். இரட்டை நேர்மின் ஏற்றம் கொண்ட அவை துகள்களின் எதிர்மின் ஏற்றத்தை இன்னும் வேகமாக அடக்கிவிடும். கரைக்கப் போய் உறைய வைத்த கதையாகிவிடும்.

எனவே, நிறமி மைக்கென்றே விற்கப்படும் தூய்மைத் திரவத்தை வாங்கினோம். அது காய்ச்சி வடித்த நீரில் சிறிது காரமும், ஈரம் காக்கும் பொருளும், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும் சேர்ந்தது. பால் உறையாமல் காப்பது எதுவோ, அதேதான் இங்கும் வேலை செய்கிறது: காரம். ஒரு எச்சரிக்கை. வெளிப்புறப் பதாகைகள் அச்சிடும் பல இயந்திரங்களில் நீருக்குப் பதில் கரிமக் கரைப்பான் கொண்ட மை இருக்கும். அதற்கு இந்தத் திரவம் உதவாது. எந்த மையோ அதற்குரிய திரவம்தான்.

முதல் நாள்: மூடியும் பம்பும்

அச்சுத்தலையைத் தொடுவதற்கு முன் மூடியைக் கவனித்தோம். காய்ந்த மை ஒரு பசை. அது தலையை மூடியோடு ஒட்டியிருந்தால், இயந்திரத்தை இயக்கிய உடனே இழுபட்டுப் பாகங்கள் சேதமாகலாம். அண்ணன் ஏற்கெனவே இயக்கிவிட்டதால் அந்த ஆபத்து கடந்துவிட்டது. நீங்கள் இப்படி ஓர் இயந்திரத்தைப் பார்த்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே மூடியின் ஓரத்தில் சில துளிகள் விட்டு ஊற வைக்கச் சொல்லுங்கள்.

மூடியின் ரப்பர் விளிம்பையும், துளைகளைத் துடைக்கும் ரப்பர் பட்டையையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தோம். கறுப்புக் களிம்பு வந்துகொண்டே இருந்தது. பிறகு மூடியைத் திரவத்தால் நிரப்பி, பம்பை ஒருமுறை இயக்கினோம். திரவம் இறங்கவே இல்லை. பம்பிலிருந்து கழிவுத் தொட்டிக்குப் போகும் குழாயும் அடைத்திருந்தது!

இதுதான் முக்கியமான பாடம். மை வரவில்லை என்றால் துளைதான் காரணம் என்று முடிவு செய்துவிடக்கூடாது. இழுக்கும் பம்பு வேலை செய்யாவிட்டாலும் விளைவு ஒன்றுதான். குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டிய பிறகு திரவம் சர்ரென்று இறங்கியது. அண்ணன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம்.

இரண்டாம் நாள்: பொறுமையும் ஒரு சூத்திரம்தான்

மூடியைத் திரவத்தால் நிரப்பி, தலையை அதன் மேல் நிறுத்தி, இரவு முழுவதும் விட்டோம். ஏன் இவ்வளவு நேரம்? திரவத்தின் மூலக்கூறுகள் காய்ந்த மைக்குள் பரவல் மூலம்தான் நுழைய வேண்டும். பரவலுக்கு ஆகும் நேரம், கடக்க வேண்டிய தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. அடைப்பின் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அவசரப்பட்டால் நடக்காது.

"ஊசிக்குழாயில் திரவத்தை ஏற்றி மேலிருந்து அழுத்தித் தள்ளிவிட்டால் என்ன?" என்று கடையில் வேலை செய்யும் தம்பி கேட்டான். பலரும் செய்யும் காரியம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 மில்லிலிட்டர் ஊசிக்குழாயின் உந்தியின் பரப்பு ஏறக்குறைய 1 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.0001 சதுர மீட்டர். கட்டைவிரலால் 20 நியூட்டன் விசை கொடுப்பது மிக எளிது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. 20ஐ 0.0001ஆல் வகுத்தால் 200,000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு! தலைக்குள் உள்ள மெல்லிய அடுக்குகள் பிரிந்தால் ஒரு நிறம் அடுத்த நிறத்தோடு கலந்துவிடும். அதன் பிறகு உண்மையாகவே தலையை மாற்ற வேண்டியதுதான்.

அதற்குப் பதில் புவியீர்ப்பை வேலைக்கு அழைத்தோம். மருத்துவமனையில் மருந்து நீர் ஏற்றுவதுபோல், சிறு குப்பியைத் தலைக்கு மேல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி, ஒரு மெல்லிய குழாயால் கறுப்பு மை நுழையும் வாயோடு இணைத்தோம். அழுத்தம் எவ்வளவு? அடர்த்தி 1,000, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 0.3. பெருக்கினால் 2,940 பாஸ்கல். ஊசிக்குழாயின் அழுத்தத்தில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. துளை சிறியதாக இருந்தால், அதன் வாயில் உள்ள நீர்மப்பரப்பு இழுத்துக் கட்டிய படலம் போல் திரவத்தைத் தடுத்து நிறுத்தும். பரப்பு இழுவிசைதான் காரணம். சாதாரண நேரத்தில் மை சொட்டாமல் இருப்பதற்கும் இதுதான் உதவுகிறது. 2,940 பாஸ்கல் அந்தப் படலத்தை உடைக்கப் போதாது. எனவே, பஞ்சு உதிராத துணியைத் திரவத்தில் நனைத்து, துளைகளைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு அடியில் வைத்தோம். உள்ளே உள்ள திரவமும் வெளியே உள்ள ஈரமும் ஒன்றுசேர்ந்தால் படலம் இல்லை; தடையும் இல்லை.

முதல் இரண்டு மணி நேரம் துணியில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது மணி நேரத்தில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. சற்று நேரத்தில் அது கறுப்பானது. ஓட்டம் ஏன் திடீரென்று கூடுகிறது தெரியுமா? குறுகிய குழாயில் ஓடும் நீர்மத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. பாதி அடைத்து ஆரம் பாதியானால், ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். அடைப்பு கொஞ்சம் கரைந்தாலே ஓட்டம் பல மடங்கு கூடுவதும் இதனால்தான். 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளச் செய்த சோதனைகளில் இந்த விதி வெளிப்பட்டது. நம் இரத்தக் குழாயில் கொழுப்பு படிவது ஏன் அவ்வளவு ஆபத்து என்பதும் இப்போது விளங்குகிறதா?

மூன்றாம் நாள்: மைப்பெட்டியின் அடியில்

பழைய மைப்பெட்டிகளில் இன்னொரு பிரச்சினை காத்திருந்தது. மூன்று ஆண்டுகளாக அசையாமல் நின்றதில் நிறமி அடியில் படிந்துவிட்டது. 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கண்ட விதிப்படி, நீர்மத்தில் துகள் அமிழும் வேகம் அதன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. தனித்தனியாக இருக்கும்போது துகள்கள் மிக மெதுவாகவே இறங்கும். சில துகள்கள் சேர்ந்து திரள் பெரிதாகிவிட்டால் வேகம் பல மடங்கு. காலாவதியான பெட்டிகளை ஒதுக்கி, புதியவை வாங்கினோம். அவற்றையும் மாட்டுவதற்கு முன் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கினோம். வேகமாகக் குலுக்கினால் காற்றுக்குமிழிகள் உண்டாகும். குமிழி இருந்தால் படிகம் தள்ளும் விசை குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகும். துளி வெளியே வராது. நீர்மம் எளிதில் சுருங்காது, வாயு சுருங்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா?

துளை துப்பறிதல்

ஒவ்வொரு நாளும் துளைச் சோதனைத் தாள் ஒன்றை அச்சிட்டோம். ஒவ்வொரு துளையும் தனக்கென ஒரு சிறு கோடு போடும். கோடு இல்லாத இடத்தில் துளை வேலை செய்யவில்லை. தம்பியிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, தேதி போட்டு, விடுபட்ட கோடுகளின் எண்ணை எழுதி வைக்கச் சொன்னேன்.

கறுப்பில் முதல் தாளில் 180இல் பாதிக்கு மேல் இல்லை. மூன்றாம் நாள் 19 விடுபட்டிருந்தன. நான்காம் நாளும் 19. அண்ணன் சோர்ந்துவிட்டார். "அவ்வளவுதான் டீச்சர், நின்னுபோச்சு."

தம்பி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "அக்கா, எண்ணிக்கை ஒண்ணுதான். ஆனா இடம் வேற வேற!"

அவன் சொன்னது சரி. மூன்றாம் நாள் இல்லாத கோடுகளில் 15 நான்காம் நாள் வந்திருந்தன. வேறு 15 காணாமல் போயிருந்தன. நான்கு மட்டும் அதே இடத்தில் விடுபட்டிருந்தன. இதன் பொருள் என்ன? ஒரே துளை ஒவ்வொரு முறையும் விடுபட்டால் அங்கே அடைப்பு இருக்கிறது, அல்லது படிகம் பழுதாகியிருக்கிறது. இடம் மாறி மாறி விடுபட்டால் துளை நன்றாகத்தான் இருக்கிறது. மை சரியாக வந்து சேரவில்லை. குழாயில் காற்று! எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இன்னும் திரவம் ஊற்றித் தலையைக் கெடுத்திருப்போம்.

அன்று ஒன்றும் செய்யாமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனோம். இரவில் நுண்குமிழிகள் ஒன்றுசேர்ந்து மேலே ஏறின. மறுநாள் காலை ஒரே ஒரு முறை சுத்தம் செய்தோம். விடுபட்டவை நான்கே நான்கு. அதே நான்கு.

அந்த நான்கும் இன்றுவரை வரவில்லை. ஆனால் இந்த இயந்திரம் ஒரு வரியை ஒரே ஓட்டத்தில் அச்சிடுவதில்லை. தலை பல முறை ஓடி, வெவ்வேறு துளைகளால் ஒரே பகுதியை நிரப்புகிறது. 180இல் 4 குறைந்தால், தரமான வேகத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதிவேகத்தில் அச்சிட்டால் மெல்லிய கோடு விழும். எனவே அண்ணன் இப்போது மெதுவாக அச்சிடுகிறார். எங்கள் கண்காட்சியின் விளக்கப்படங்கள் அதில்தான் வந்தன. அடுத்து வந்த மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்குப் போகும் அன்பர்களின் தண்ணீர்ப் பந்தலுக்கு முருகன் படமும் அதில்தான்.

எல்லா இயந்திரமும் இப்படி மீளும் என்று சொல்ல மாட்டேன். படிகமோ மின்சுற்றோ கருகியிருந்தால் எந்தத் திரவமும் உதவாது. எது அடைப்பு, எது பழுது என்று பிரித்தறிந்த பிறகு கைவிட்டால் அதில் தவறில்லை. அறியாமல் கைவிடுவதுதான் நட்டம்.

சில எச்சரிக்கைகள்

பெரியவர்கள் இல்லாமல் எந்த இயந்திரத்தையும் திறக்காதீர்கள். கையுறை அணியுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். அமோனியா உள்ள திரவத்தை வெளுப்பானோடு ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சுவாயு உண்டாகும். கழிவு மையை வடிகாலில் ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி மைக்கழிவு பட்டியலிடப்பட்ட கழிவு. அண்ணன் அதைத் தனிக் கலனில் சேர்த்து உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கிறார்.

வீட்டில் அச்சுப்பொறி இருந்தால் வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு சிறு படத்தை அச்சிடுங்கள். அணைக்கும்போது அதன் பொத்தானால் அணையுங்கள். சுவரில் உள்ள சுவிட்சை நேராக அணைத்தால், தலை மூடிக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடும். பல அடைப்புகள் அப்படித்தான் தொடங்குகின்றன.

செய்து பாருங்கள்

மூன்று குவளைகளில் ஒரே அளவு பால் எடுங்கள். முதல் குவளையில் ஒரு கரண்டி தண்ணீர், இரண்டாவதில் ஒரு கரண்டி காடி, மூன்றாவதில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைசல் சேருங்கள். பத்து நிமிடம் கழித்து எது திரிந்தது என்று பாருங்கள். திரிந்த பாலில் பிறகு சோடா சேர்த்தால் அது பழைய நிலைக்குத் திரும்புகிறதா?

அடுத்து, மூடாமல் விட்டுக் காய்ந்த நீர்வண்ணப் பேனா ஒன்றையும், அழியாமை பேனா ஒன்றையும் எடுத்து, இரண்டின் முனையையும் தண்ணீரில் வையுங்கள். எது உயிர் பெறுகிறது? ஏன்?

விடையைக் குறிப்பேட்டில் எழுதும்போது தேதியும் போடுங்கள். ஜாசின் தம்பியின் பென்சில் குறிப்பு இல்லாவிட்டால், அந்த இயந்திரம் இந்நேரம் பழைய இரும்புக் கடையில்தான் கிடந்திருக்கும்.